கொத்சு சாண்ட்விச்

சிதம்பரத்துக் கத்தரிக்காய் கொத்சுவுக்கு இட்லியும் சம்பா சாதமும்தான் முறையான ஜோடி. மிஞ்சியதை நான் சாண்ட்விச்சில் அடுக்குவேன், பெரியவர்கள் மன்னிக்கட்டும்.

கொத்சு நீர்த்திருந்தால் பிரெட் ஊறித் தொளதொளத்துவிடும். நல்லெண்ணெய் பிரியும்வரை வாணலியில் சுருள வதக்கி ஆறவிட வேண்டும். பிரெட்டின் உள்பக்கம் வெண்ணெய் தடவுவது ருசிக்கு மட்டுமல்ல, ஈரம் இறங்காமல் இருக்கவும்தான். அதன்மேல் கொத்சு, வட்டமாக அரிந்த வெள்ளரி, மெல்லிய வெங்காயம். கடைசியாக, நம் கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி முந்திரி நாலைந்து, வறுத்து நொறுக்கியது. தக்காளி வேண்டாம்; புளி ஏற்கெனவே இருக்கிறது.

தோசைக்கல்லில் போட்டுக் கனமான தட்டால் அழுத்தினால், வறுத்து அரைத்த மல்லி, மிளகாய் வாசம் வெண்ணெயோடு கிளம்பும். குறுக்கே வெட்டினால் கத்தரி விதைகள் முந்திரித் துணுக்கில் ஒட்டியிருக்கும். தொட்டுக்கொள்ள சாஸ் கேட்பவருக்கு இரண்டாவது துண்டு கிடையாது.