‘மன்’ என்னும் இடைச்சொல்லும் இளமைத் தோழமையும்: ஒரு மொழிபெயர்ப்புத் திறனாய்வு

1. முன்னுரை

புணே நகரின் தென்மேற்கே முட்டா ஆற்றங்கரையில் அமைந்த ஊர் கடக்வாஸ்லா. 1949இல் அடிக்கல் நாட்டப்பெற்ற தேசியப் பாதுகாப்பு அகாதெமியும் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையமும் இங்கு உள்ளன. பணிமாற்றத்தால் பல மொழிக் குடும்பங்கள் வந்து தங்கிப் பிரியும் ஊர் இது. இங்கு உடன் விளையாடிய சிறுவனும் சிறுமியும் பிரிந்து, வளர்ந்தபின் சந்தித்து, மணம் உறுதிசெய்யப்பெறுவதாக ஒரு கதை அமையின், அதனைத் தமிழாக்குவோர் ஈரிடங்களில் இடர்ப்படுவர். ஒன்று, அவ்விருவரின் இளமை உறவுக்குப் பெயரிடுதல்; மற்றொன்று, மணத்தை உறுதிசெய்தவர் யாவர் எனக் காட்டுதல். இவ்விரண்டும் இங்கு ஆராயப்படுகின்றன.

2. பெயரிடுதல்

மராத்தியில் ‘பாலமித்ர’, ‘பாலமைத்ரீண்’ என்னும் சொற்கள் இளமைத் தோழமையை மட்டுமே சுட்டுவன. ஆங்கிலத்தின் ‘சைல்ட்ஹுட் ஸ்வீட்ஹார்ட்’ என்னும் தொடரோ தோழமையையும் அன்பையும் பிரிக்காது உணர்த்துவது. இதனைத் தமிழில் ‘பால்யக் காதலர்’ எனப் பெயர்ப்பது எளிது, பொருத்தமாகாது. ‘காதல்’ பண்டு தாய், செவிலி, கேளிர் ஆகியோரின் அன்பையும் குறித்த பரந்த சொல். இற்றை வழக்கில் அதன் பொருள் பெரிதும் ஆண்-பெண் விழைவாகச் சுருங்கிற்று. ஆகவே பத்து வயதுச் சிறுமியைக் ‘காதலி’ என்னும்போது, பின்னர் வளர்ந்தவள் மனமுவந்து எடுத்த முடிவை மொழிபெயர்ப்பாளர் அவளது குழந்தைப் பருவத்தின்மேல் ஏற்றிவிடுகிறார். ‘முறைப்பெண்’ என்பதும் பொருந்தாது. அது மூலத்தில் இல்லாத உறவுரிமையைப் புகுத்தும்.

3. குறுந்தொகை 229

மோதாசனார் பாடிய இப்பாலைத்திணைப் பாட்டு, உடன்போக்கில் செல்லும் இருவரை இடைச்சுரத்தில் கண்டோர் கூற்றாக அமைவது. இவன் இவள் கூந்தலைப் பற்றுவதும், இவள் இவன் தலைமயிரை இழுத்து ஓடுவதும், செவிலியர் விலக்கவும் விலகாது இருவரும் காரணமற்ற சிறுசண்டையிடுவதும் முன்பு நிகழ்ந்தன எனக் கண்டோர் நினைவுகூர்கின்றனர். அவர்களே இன்று இணைமாலைபோல் ஒன்றியிருப்பது கண்டு வியக்கின்றனர்.

இதன்கண் மூன்று கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது, ‘இவன்’, ‘இவள்’ என்னும் அண்மைச் சுட்டுகள் இடம்மாறி வருகின்றன. ஒருவர் செயலுக்கு மற்றவர் செயல் நிகராகிறது. இருவருள் எவரும் வெறும் செயப்படுபொருளாக நின்றுவிடவில்லை. இரண்டாவது, ‘காதல்’ என்னும் சொல் இப்பாட்டில் செவிலியர்க்கே அடையாகிறது. சிறார்க்கு உரியதாகச் சொல்லப்படுவது சண்டையே. மூன்றாவது, அச்சண்டையைக் கூறும் வினைமுற்றை அடுத்து ‘மன்’ வருகிறது. தொல்காப்பியம் இவ்விடைச்சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என முப்பொருள் கூறும். ஈண்டுக் கழிவுப்பொருள் பொருந்துகிறது. அன்றிருந்தது இன்றில்லை என்னும் எல்லையை இச்சிறு சொல்லே வகுக்கிறது. ‘பால்யக் காதலர்’ என்னும் தொடர் அழித்துவிடுவது இவ்வெல்லையையே.

கலித்தொகை 51ஆம் பாட்டும் இதற்கு அரண் செய்கிறது. மணல்வீட்டைச் சிதைத்துப் பந்தைப் பறித்து ஓடிய சிறுவனைத் தலைவி ‘பட்டி’ என்கிறாள்; வளர்ந்து வந்து நீர் வேட்டவனைக் ‘கள்வன்’ என்கிறாள். இரு காலத்துக்கும் இரு பெயர்கள்.

4. உறுதி செய்தோர் யாவர்?

மராத்தியர் மண உறுதியைச் ‘சாகர்புடா’ என்பர். சர்க்கரைப் பொட்டலம் என்பது சொற்பொருள். தமிழின் ‘நிச்சயதாம்பூலம்’ வெற்றிலை பாக்கால் பெயர் பெற்றது. இரு மொழியிலும் கைம்மாறும் பொருளே சடங்கின் பெயரில் இடம்பெறுகிறது. மராத்தியில் அவர்களுடைய சாகர்புடா ‘ஆயிற்று’ என்பதே இயல்பான நடை. தமிழிலும் ‘அவர்களுக்கு நிச்சயமாயிற்று’ என்பது செய்தோரைக் கூறாது அமையும். ‘நிச்சயம் செய்தனர்’ எனின் பெற்றோர் எழுவாயாவர். ‘செய்துகொண்டனர்’ எனின், ‘கொள்’ என்னும் துணைவினையால் மணமக்களே வினைமுதலாவர். ஒரு துணைவினையைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஒரு பெண்ணின் இசைவு வெளிப்படுதலையும் மறைதலையும் முடிவுசெய்கிறது.

இச்சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. கொடுப்போர் கொடுக்க நிகழும் கரணத்தைக் கூறும் தொல்காப்பியக் கற்பியல், உடன்போக்கில் கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டு என்கிறது. குறுந்தொகைப் பாட்டில் கண்டோர் பாராட்டுவது பெற்றோரையன்று. இருவரையும் கூட்டிய ‘பால்’ என்னும் ஊழையே.

5. முடிவுரை

இத்தகைய கதையைத் தமிழாக்குவோர் புதுப் பெயர்ச்சொல் படைக்க வேண்டுவதில்லை. ‘சிறுவயதில் ஒன்றாக விளையாடியவர்கள், பல ஆண்டுகளுக்குப் பின் சந்தித்தார்கள், மணந்துகொள்ள முடிவு செய்தார்கள், இரு வீட்டாரும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்’ என வினைகளால் விரித்தல் தகும். ஒரு தொடர் நான்காக விரிவது சுருக்கத்துக்கு இழப்பே. எனினும் அன்றைய விளையாட்டு விளையாட்டாகவும், இன்றைய இசைவு இசைவாகவும் நிற்கும். ‘மன்’ இன்று வழக்கிறந்தது. அது வகுத்த எல்லையைக் காப்பது மொழிபெயர்ப்பாளர் கடனாகும்.