பின்னணியைக் கழித்தல்: கட்டற்ற மென்பொருளும் கேமராவுக்கு எதிரே நிற்பவரும்

1

மென்பொருள் வெறும் கருவி, அதற்கென்று அரசியல் கிடையாது, எல்லாம் அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்ற பேச்சு நம் தோழர்கள் மத்தியிலும் சகஜமாகப் புழங்குகிறது. கத்தி உதாரணம் வேறு சொல்வார்கள்: காயும் நறுக்கலாம், கழுத்தும் அறுக்கலாம். கட்டற்ற மென்பொருள்காரர்கள் இதற்கு ஒருபடி மேலே போய், கத்தி செய்யும் சூத்திரத்தையே ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். அந்தப் பாதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மீதிப் பாதி யாருடையது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. அதற்காகக் குறிப்பிட்ட ஒரு மென்பொருளைப் பிரதியாகக் கொண்டு, ஓசூரில் இருந்துகொண்டு வாசிக்கிறேன்.

பாரிஸில் உள்ள இர்காம் இசை ஆய்வு நிறுவனத்தில் 1980களின் பிற்பகுதியில் மில்லர் பக்கெட் என்பவர் மேக்ஸ் என்ற நிரல்சூழலை எழுதினார். அதில் வரிவரியாக நிரல் எழுத வேண்டியதில்லை. திரையில் பெட்டிகளைப் போட்டு, ஒரு பெட்டியின் அடிவாயிலிருந்து இன்னொன்றின் தலைவாய்க்குக் கோடு இழுத்தால் போதும், அந்தப் படமே நிரல். மேக்ஸ் விற்பனைச் சரக்காயிற்று. பக்கெட் 1996இல் பியூர் டேட்டா என்ற இன்னொன்றை எழுதி மூலநிரலோடு பொதுவில் வைத்தார். அதற்குள் உயிரோட்டமான வீடியோவைக் கொண்டுவந்தது, மார்க் டாங்க்ஸ் தொடங்கிப் பிறகு பலர் கைபட்டு வளர்ந்த ஜெம். இது ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. எடுத்த படத்தைப் பிற்பாடு வெட்டி ஒட்டுவதல்ல ஜெம்மின் வேலை. கேமராவிலிருந்து படம் வந்துகொண்டிருக்கும்போதே அதை மாற்றித் திரையில் விடுவது. நாமாக மாற்றாதவரை நொடிக்கு 20 சட்டகம் ஓடும். 640க்கு 480 அளவுப் படமென்றால் நொடிக்கு 61 லட்சத்து 44 ஆயிரம் புள்ளிகள் ஒவ்வொன்றையும் பற்றி அது ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கொடைக்கு ஒரு முன்கதை உண்டு. 1971க்கும் 1973க்கும் இடையில் சிகாகோவில் டான் சாண்டின் என்பவர், வீடியோ சமிக்ஞையைக் கம்பி மாற்றிச் செருகி உருமாற்றும் ஓர் எந்திரத்தைக் கட்டினார். பிறகு ஃபில் மார்ட்டனோடு சேர்ந்து அதன் மின்சுற்றுப் படங்களைத் தொகுத்து, தமக்கென்று கட்டிக்கொள்ள விரும்புகிறவர்களுக்குக் கொடுத்தார். ரிச்சர்ட் ஸ்டால்மன் கனூ திட்டத்தை அறிவித்ததே 1983இல்தான். ஆக, படத்தை உருமாற்றும் கருவி பொதுச்சொத்தாக இருக்க வேண்டும் என்ற எண்ணம், கட்டற்ற மென்பொருள் என்ற பெயருக்கே மூத்தது.

2

படம் போட்டு நிரல் எழுதுவதைக் கலைக்கல்லூரிப் புதுமை என்று நினைப்பவர்கள் ஓசூருக்கு வர வேண்டும். இங்கே சிப்காட் ஆலைகளில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன்கள் பல காலமாக அதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். லேடர் என்று அதற்குப் பெயர். இரண்டு பக்கமும் செங்குத்தாகக் கம்பி, நடுவே ஏணிப்படி போலக் குறுக்குக் கோடுகள், கோட்டின் மேல் சுவிட்சும் காயிலும். 1968-69இல் அமெரிக்காவில் டிக் மார்லியும் கூட்டாளிகளும் மோடிகான் 084 என்ற கட்டுப்பாட்டுக் கணினியைச் செய்தபோது, ரிலே வயரிங் படம் வாசிக்கத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் புதிதாக எதுவும் படிக்காமலே இதையும் வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏணி வடிவம் வந்தது. 1993இல் வெளியான ஐஇசி 61131-3 தரவரையறை லேடரையும், பெட்டிகளைக் கோட்டால் இணைக்கும் வரைபடத்தையும் நிரல்மொழிகளாகவே ஏற்றுக்கொண்டது.

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று. படம் என்பதால் அது எல்லாருக்கும் புரியும், மொழி வேண்டியதில்லை என்ற வாதம் பொய். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும், இப்போது இந்தியும் ஒடியாவும் கலந்து கேட்கும் இந்த ஊரில் பெட்டியும் கோடும் பொதுமொழி ஆகிவிடும் என்று நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பெயர் ஆங்கிலம். அதைவிட முக்கியம், லேடர் புரிவதற்குக் காரணம் அது படம் என்பதல்ல. அதை வாசிக்கத் தெரிந்த ஒரு கைவினைச் சமூகம் ஏற்கெனவே இருந்தது என்பதுதான். வாசகர் இல்லாத இடத்தில் திறந்த பிரதியும் மூடிய பிரதியும் ஒன்றுதான்.

அந்த வாசகருக்கும் இப்போது கதவடைப்பு நடக்கிறது. எந்திரத்தை விற்றவர் லேடரைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டுப் போவது தொழிலில் சாதாரணம். அதன் பக்கத்தில் இப்போது கேமரா வந்து உட்கார்ந்திருக்கிறது. திருகு இருக்கிறதா, லேபிள் நேராக இருக்கிறதா, கீறல் விழுந்ததா என்று பார்த்து, சரி அல்லது ரிஜெக்ட் என்று இரண்டே வார்த்தை பேசும். ஏன் ரிஜெக்ட் என்று அதனிடம் கேட்க முடியாது. லைனில் நிற்கும் பெண்ணுக்கு அந்த எந்திரம் சொல்வது விதி. விதிக்கு உரை கிடையாது.

3

ஜெம்மில் அந்த உரையை எழுதலாம் என்பதுதான் வித்தியாசம். தமிழ் எம்.ஏ.வில் பொருள்கோள் படித்த எவரும் ஜெம்மின் ஒரு வரைவை வாசித்துவிடலாம் என்று துணிந்து சொல்வேன். மேலே ஜெம்ஹெட் என்ற பெட்டி. அது ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒருமுறை துடிக்கும். அதன் கீழே பிக்ஸ்_வீடியோ, கேமராவைத் திறக்கும். அதன் கீழே பிக்ஸ்_மூவ்மென்ட். கடைசியில் படத்தைத் திரையில் விரிக்கும் பெட்டிகள். மேலிருந்து கீழே முறிவில்லாமல் ஓடுகிறது, நன்னூல் சொல்லும் ஆற்றுநீர்ப் பொருள்கோள் மாதிரி. கோடுகள் குறுக்கே பாயும் பெரிய வரைவுகளில் கொண்டுகூட்டித்தான் பொருள் எடுக்க வேண்டியிருக்கும்.

இந்த ஓட்டத்தில் பிக்ஸ்_மூவ்மென்ட் என்ன செய்கிறது? இப்போது வந்த சட்டகத்தையும் அதற்கு முந்தியதையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடுகிறது. வெளிச்ச வேறுபாடு ஒரு எல்லையைத் தாண்டினால் அந்தப் புள்ளி இருக்கும். தாண்டாவிட்டால் மறையும். அவ்வளவுதான். எல்லை என்பது பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே நாம் கொடுக்கும் ஓர் எண்.

பர்கூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி, என் அறைக்கு வந்திருந்தபோது இதை ஓட்டிக் காட்டினேன். மடிக்கணினியின் கேமரா முன்னால் நிற்கச் சொன்னேன். நின்றார், திரையில் ஆளைக் காணோம். கையைத் தூக்கினார், கை மட்டும் வந்தது, உடம்பில்லாமல். "என்னண்ணா இது, சும்மா நின்னா ஆளே இல்ல, கை ஆடினாத்தான் இருக்கேனா? எங்க லைன்லயும் இதே கதைதான்" என்றார். கோட்பாட்டு நூல்களில் உடல், பார்வை, அதிகாரம் என்று நாம் பக்கம் பக்கமாகப் படிப்பதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அடுத்து நடந்தது. அந்த எண் எங்கே இருக்கிறது என்று கேட்டு, மவுஸை வாங்கி அவரே குறைத்துப் பார்த்தார். ஓர் அளவுக்குக் கீழே போனதும் அவர் அசையாமல் நிற்கும்போதே நெஞ்சு ஏறி இறங்குவது லேசாகத் தெரிந்தது. கூடவே கேமராவின் இரைச்சலால் பின்னால் இருந்த சுவரும் பொடிப்பொடியாக மின்னியது. மூச்சும் வேண்டும், சுவரும் மின்னக்கூடாது என்றால் எங்கே நிறுத்துவது? இது தொழில்நுட்பக் கேள்வி மாதிரித் தெரியும். எதை இருப்பு என்று எண்ணுவது, எதை இரைச்சல் என்று தள்ளுவது என்ற கேள்விதான் அது. ஜெம்மில் அதற்கான பதில் ஓர் எண்ணாக வெளியே தொங்குகிறது, யாரும் தொடலாம். லைனில் உள்ள கேமராவிலும் இதே மாதிரி ஓர் எண் இருக்கிறது. அதைத் தொடுவது இருக்கட்டும், அது இருக்கிறது என்பதே அங்கே வேலை செய்பவருக்குத் தெரியாது.

4

இன்னொரு பெட்டி, பிக்ஸ்_பேக்ரவுண்ட். இது முந்தைய சட்டகத்தோடு ஒப்பிடுவதில்லை. ரீசெட் என்று கட்டளை கொடுத்ததும் எதிரே உள்ள காட்சியைப் பின்னணி என்று சேமித்துக்கொள்ளும். அதன் பிறகு அதோடு ஒத்துப்போகும் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடும். ரீசெட் கொடுக்கும் கணத்தில் அங்கே ஒருவர் நின்றிருந்தால் அவரும் பின்னணியின் பகுதி. பிறகு நுழைகிறவர்கள் மட்டுமே உருவம் பெறுகிறார்கள், அந்நியராக.

எந்தக் கணத்தில் ரீசெட் அழுத்தப்படுகிறதோ அந்தக் கணம் இயற்கையாகிவிடுகிறது என்பதை எல்லையோர ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது ஓசூர் சென்னை மாநிலத்தில் நின்றது. தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசியவர்கள் இருந்த இடத்திலேயே சிறுபான்மை ஆனார்கள். 1965இல் சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம், 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம். 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் இங்கே உற்பத்தி தொடங்கியபோது தொழில்நகரம் என்ற புதுப்படம் சேமிக்கப்பட்டது, அதற்கு முன் அங்கே உழுதுகொண்டிருந்தவர்கள் அந்தப் படத்தில் கறுப்பு. இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களை வெளியாட்கள் என்று சுட்டும் கண்ணும் ஏதோ ஒரு ரீசெட்டை வைத்துக்கொண்டுதான் பார்க்கிறது.

சங்கப் பெருமை பாட நான் வரவில்லை. ஆனால் நம்மிடம் வேறொரு பார்வை இலக்கணம் இருந்தது என்பதை ஒப்பீட்டுக்காகச் சொல்லலாம். அகப்பாட்டில் கருப்பொருள் என்பது கழித்துவிட வேண்டிய பின்னணி அல்ல. பறவையும் மரமும் நீரும் தொழிலும் இருந்தால்தான் உள்ளுறை பிறக்கும்; அவற்றைக் கறுப்பாக்கினால் தலைவியின் சொல்லுக்குப் பொருளே கிடைக்காது. ஜெம்மில் உருவத்துக்கு அர்த்தம் வருவது சூழலைக் கொன்றபிறகு. இது ஜெம்மை எழுதியவர்களின் கெட்ட எண்ணம் அல்ல. அசைவதே செய்தி, அசையாதது செலவு என்ற பொருளாதாரத்தில் பிறந்த கணிதம் அது. பார்வையாளர் அசைந்தால் திரை அசையும் கலைநிறுவல்களைப் பங்கேற்புக் கலை என்று கொண்டாடுகிறோம். சும்மா நின்று பார்ப்பவருக்கு அங்கேயும் ஒன்றும் கிடையாது. கலைக்கூடத்தின் அளவுகோலும் லைன் சூப்பர்வைசரின் அளவுகோலும் இந்த இடத்தில் கைகுலுக்கிக்கொள்கின்றன.

5

இப்போது உரிமத்துக்கு வருகிறேன். கட்டற்ற மென்பொருளின் நான்கு சுதந்திரங்களில் முதலாவது, எந்த நோக்கத்துக்காகவும் நிரலை இயக்கும் சுதந்திரம். மற்ற மூன்றும் படித்து மாற்ற, நகல் கொடுக்க, மாற்றியதைப் பகிர. நான்கும் பயன்படுத்துபவருக்கு. ஆனால் கேமரா சம்பந்தப்பட்ட மென்பொருளில் எப்போதும் இரண்டாவது ஆள் ஒருவர் இருக்கிறார், கேமராவுக்கு எதிரே. அவர் பயன்படுத்துபவர் அல்ல, பயன்படுத்தப்படுபவர். நான்கு சுதந்திரத்தில் ஒன்றுகூட அவர் பெயரில் இல்லை. இன்டெல்லில் 1999இல் தொடங்கப்பட்ட ஓபன்சிவி என்ற திறந்த நூலகம் கலைஞரின் வரைவிலும் ஓடும், ஆலையின் கண்காணிப்பிலும் ஓடும். உரிமம் இரண்டையும் வேறுபடுத்துவதில்லை.

சட்டம் இந்த இரண்டாவது ஆளைப் பார்த்துக்கொள்ளும் என்பீர்களா? 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலை தொடர்பான காரியங்களுக்கும் முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் ஊழியரின் சம்மதம் இல்லாமலே அவருடைய தரவைக் கையாள இடம் வைத்திருக்கிறது. தொழிலாளி தன் செல்போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். உள்ளே இருக்கும் கேமராவுக்கு ஸ்டிக்கர் கிடையாது.

2025 நவம்பரில் ஓசூருக்கு அருகே பெண் தொழிலாளர் விடுதி ஒன்றின் குளியலறையில் ஒளித்துவைத்த கேமரா கண்டுபிடிக்கப்பட்டு, பெண்கள் திரண்டு வந்து போராடினார்கள். அது குற்றம், வழக்கு ஆயிற்று. லைனில் உள்ள கேமராவையும் அதையும் ஒன்றென்று சொல்வது அநியாயம். ஆனால் அன்று அந்தப் பெண்கள் திரண்டு கேட்ட கேள்விகளின் சாரம் இரண்டு இடத்துக்கும் பொது: எங்கே இருக்கிறது, யார் வைத்தது, படம் எங்கே போகிறது. ஒளித்துவைத்த கேமராவைப் பற்றி இதைக் கேட்டால் நியாயம், வெளிப்படையாக மாட்டிய கேமராவைப் பற்றிக் கேட்டால் ஒழுங்கீனம் என்ற பாகுபாட்டைத்தான் நாம் கட்டவிழ்க்க வேண்டும்.

6

ஆகவே கட்டற்ற மென்பொருள் போதாது என்று ஒதுக்கிவிடுவதா? இல்லை. எல்லை என்பது ஓர் எண், பின்னணி என்பது யாரோ ஒருவர் அழுத்திய ரீசெட் என்பதையெல்லாம் நான் கற்றுக்கொண்டதே அது திறந்து கிடந்ததால்தான். ஓபன்சிவியும் ஜெம்மும் இல்லாமல் மூடிய பெட்டிகள் மட்டுமே இருந்திருந்தால் எந்திரத்தின் கண்ணுக்கும் சாமியின் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாமல் கும்பிட்டுக்கொண்டிருப்போம். அதன் மதிப்பு அது தரும் வசதியில் இல்லை, வாசிக்கக் கொடுப்பதில் இருக்கிறது. வாசகரை உருவாக்குவதுதான் மிச்ச வேலை. ஓசூரில் அந்த வாசகர் பாதி தயாராக இருக்கிறார்: ஏணி வாசிக்கத் தெரிந்தவருக்குப் பெட்டி வாசிக்க ஒரு வாரம் போதும். ஐடிஐ, பாலிடெக்னிக் வகுப்புகளில் லேடரோடு இதையும் ஏன் சேர்க்கக்கூடாது? தமிழில் எழில் என்றொரு நிரல்மொழி எழுதிவிட்டோம். கேமராவை வாசிக்க ஒரு கையேடு எழுத முடியாதா?

அதோடு, சங்கத் தோழர்களுக்கு ஒன்று. சம்பளப் பேச்சுவார்த்தையில் போனஸ், கேன்டீன், பஸ் என்று பட்டியல் போடும்போது இன்னும் மூன்று வரி சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களைப் பார்க்கும் ஒவ்வொரு கேமராவின் வரைவையும் காட்டு. அதன் எல்லை எண் என்ன, யார் வைத்தது சொல். அதை மாற்றும்போது எங்களையும் கூப்பிடு. வேகத்தையும் வேலைப்பளுவையும் பேரம் பேச முடியும் என்றால் பார்வையையும் பேசலாம். சிரிப்பார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டபோதும் சிரித்தார்கள்.