குக்கரில் ஆப்பிள் மசியல்: ஜவ்வாது மலையில் ஒரு மதிப்பீடு

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கும்போது தமிழ்நாட்டு வீடுகளில் முதலில் நினைவுக்கு வருபவற்றுள் ஆப்பிள் மசியலும் ஒன்று. ஜவ்வாது மலையில் விளைவது சாமை, பலா, சீதா, கொய்யா. ஆப்பிளோ காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் விளைந்து, சமவெளிச் சந்தை வழியாக மலையேறுகிறது.

குக்கருக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க முதல் காரணம் மலையின் உயரம். இம்மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் இருக்கும் 725 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 97.5 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். வெயிட் போட்ட குக்கரில் வெப்பம் 118 டிகிரியை எட்டும். துவரம்பருப்புக்கு இந்த வேறுபாடு பெரிது. ஆப்பிளுக்கு அப்படியல்ல. அதன் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் கொதிநிலைக்குக் கீழேயே இளகும். இட்லிப் பானை ஆவியிலேயே பத்து, பதினைந்து நிமிடத்தில் பழம் வெந்துவிடும். ஆகவே ஆப்பிளுக்கென்று தனியாகக் குக்கர் வைப்பது வீண் வேலை. சோறு வேகும்போது மேலடுக்கில் வைத்தால்தான் கேஸ் மிச்சம். பருப்போடு நாலு விசில் விட்டாலோ பழம் குழைந்து நீர்த்துப்போகும். மணத்தில் பாதி விசிலோடு போய்விடும்.

பாதுகாப்பே கூடுதல் கவனம் கேட்பது. ஆப்பிள் கூழைக் குக்கரில் சமைக்கவே கூடாது என்று அமெரிக்கக் குக்கர் கையேடுகள் எச்சரிக்கின்றன. கூழ் நுரைத்துப் பொங்கி ஆவித் துளையை அடைத்தால் அழுத்தம் வெளியேற வழியிருக்காது. குக்கருக்குள்ளேயே நேரடியாகப் பழத்தைக் கொட்டும் முறைக்குத்தான் இந்த எச்சரிக்கை முழுதாகப் பொருந்தும். தோலும் விதையும் நீக்கிய துண்டுகளை எவர்சில்வர் கிண்ணத்தில் பாதியளவு இட்டு, மேலே தட்டு மூடி, குக்கரின் அடியில் தண்ணீர் விட்டு வேகவைக்கும் நம் அடுக்கு முறையில் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. ஆனாலும் வெயிட்டைத் தூக்கி ஆவியை அவசரமாக வெளியேற்றக் கூடாது. அழுத்தம் சட்டெனக் குறைந்தால் சூடான கூழ் பொங்கித் தெறிக்கும். கிண்ணத்தின் அடியில் ஊறி நிற்கும் சாற்றில் பழத்தின் சத்து கரைந்திருக்கும். அதையும் சேர்த்தே மசிக்க வேண்டும்.

சத்துக்கணக்கில் ஆப்பிளுக்கு அளவுக்கு மீறிய புகழ். அதில் ஏறத்தாழ 85 விழுக்காடு தண்ணீர். புரதமும் இரும்பும் மிகக் குறைவு. சாமைக் கஞ்சியும் பருப்பும் கொடுக்கும் வீட்டில் அது துணை உணவாக இருக்கலாம், அவற்றுக்கு மாற்றாகாது. ஆப்பிளுக்குப் பதிலாக மலைச் சீதாப்பழத்தைக் குக்கரில் வைக்கவும் முடியாது. சூடேறினால் அதன் சதை கசந்துவிடும். விதை நீக்கிப் பச்சையாகவே மசிக்கலாம். மசியல் இனிக்கட்டும் என்று ஜவ்வாது மலைத் தேனைக் கலப்பதுதான் பெரிய தவறு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலினம் நுண்ணுயிரியின் வித்துகள் தேனோடு அப்படியே குழந்தையின் குடலுக்குள் போய்விடும்.