பந்தயத் திடலும் மலையக இளைஞனும்

விளையாட்டைப் பற்றி எம்மிடையே எழுதப்படுவன பெரும்பாலும் வென்றவனைப் பற்றியே எழுதப்படுகின்றன. யார் முதலில் வந்தான், எத்தனை விநாடி வேறுபாட்டில் வந்தான், யார் கையால் கிண்ணம் பெற்றான் என்பவற்றோடு செய்தி முடிந்துவிடுகிறது. இறுதியாக வந்தவன் யார், அவன் அடுத்த ஆண்டும் வந்தானா, வரவில்லையெனின் ஏன் வரவில்லை என்று கேட்பவர் இலர். மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பொறுத்தவரை இக்கேள்விகளே முதன்மையானவை என்பது எமது கருத்து. ஏனெனில், எந்தக் கழகப் பந்தயமும் முதல் மூவரால் மட்டும் உயிர்வாழ்வதில்லை. பின்னால் வரும் முப்பது பேராலேயே உயிர்வாழ்கிறது. நுழைவுக் கட்டணம் செலுத்துவோர் அவர்கள். அடுத்த பந்தயத்துக்கு ஒரு நண்பனைக் கூட்டிவருவோரும் அவர்களே.

இப்பின்வரிசையினர் ஒரு பருவம், மிஞ்சினால் இரு பருவம் ஓடிவிட்டு மறைந்துபோகின்றனர் என்பது பல நாட்டுக் கழகங்களும் கூறும் முறைப்பாடு. ‘இளைஞரிடம் ஊக்கமில்லை’ என்று அதற்குக் காரணமும் சொல்லிவிடுகின்றனர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. ஊக்கம் வானத்திலிருந்து வீழ்வதில்லை. பயிரைப் போல அதற்கும் நிலம் வேண்டும், நீர் வேண்டும். நிலம் யாருடையது, நீர் யாருக்குப் பாய்கிறது என்று ஆராயாமல் பயிரைக் குறைகூறுவது நியாயமாகாது.

ஊவா மாகாணத்தையே எடுத்துக்கொள்வோம். பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்கும், அங்கிருந்து பிபிலைக்கும் செல்லும் வீதியை அறிந்தவர்களுக்கு அதன் தன்மையை விளக்க வேண்டியதில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பேருந்து ஒன்று பசறையில் 13ஆம் மைல்கல்லருகே பள்ளத்தில் வீழ்ந்து 14 பேருக்குக் குறையாமல் பலிகொண்டதை இப்பகுதி மறந்துவிடவில்லை. ஹொப்டன், அடாவத்தை, மடுல்சீமைத் தோட்டப் பகுதிகளின் இளைஞர் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் செல்வது இத்தகைய வீதிகளில்தான். கொழுந்து லொறிக்கு வழிவிட்டு, மூடுபனியில் வளைவு திரும்பி, மழையில் வழுக்கும் தோட்டத்துச் சல்லிப் பாதையில் பிறேக்கை அளந்து பிடிக்கும் அவ்விளைஞன், எந்தப் பயிற்சிப் பள்ளியும் கற்பிக்காத ஒரு வித்தையைத் தன் பிழைப்பினூடாகவே கற்றிருக்கிறான்.

பந்தயமும் அவனுக்கு அயலூர்ச் சங்கதியன்று. அண்டை மாவட்டமான நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. துரைமார் காலத்து ஏப்ரல் வசந்தகாலக் கொண்டாட்டங்களின் ஓர் அங்கம் அது. தேயிலைத் தோட்டத்தின் பெயரையே அப்பந்தயமும் தாங்கி நிற்கிறது. பதுளை மாவட்டத்தின் உள்ளேயே, தியத்தலாவையில், இராணுவத்தினர் நடத்திவந்த பொக்ஸ் ஹில் பந்தயம் நாடறிந்த ஒன்று. மலையை வெட்டி வீதி சமைத்தவனின் பேரன் அவ்வீதியில் நடக்கும் பந்தயத்தில் எங்கே நிற்கிறான்? கரையில் நிற்கிறான். கைதட்டுகிறான். பந்தயம் முடிந்ததும் வீடு திரும்புகிறான்.

அவன் ஏன் கரையில் நிற்கிறான் என்பதற்கு முதற் காரணம் பணம். பந்தயத்துக்குத் தகுந்த தலைக்கவசம், தோலுடை, கையுறை, சப்பாத்து, டயர், சங்கிலி, வண்டியை ஏற்றிச்செல்லும் லொறியின் வாடகை, இவற்றோடு இழந்த நாளின் ஊதியம் என்று கணக்கு நீள்கிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021இல் 1000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாகவும் ஆவதற்கே எத்தனை போராட்டங்கள் வேண்டியிருந்தன என்பதை வாசகர் அறிவர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை மீளவில்லை. பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கிடப்பட்டபோது, வேலைக்குப் போவதே பந்தயமாகிவிட்டது. இந்நிலையில் ஒருவன் திடலுக்கு வரவில்லை என்றால், அவனது ஊக்கத்தின்மீது பழி போடுவது எங்ஙனம் பொருந்தும்?

இரண்டாவது காரணம் இதனினும் நுட்பமானது. ‘அமெச்சூர்’ என்னும் சொல்லையே சற்று உற்று நோக்குவோம். சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபையின் காலந்தொட்டு, கூலிக்கன்றிக் கலைமீதுள்ள பற்றினால் ஆடுபவன் என்ற கௌரவமான பொருளிலேயே இச்சொல்லைத் தமிழர் அறிந்துவந்துள்ளனர். ஆனால் அது பிறந்த நாட்டில் அதற்கு இன்னொரு முகமும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் படகோட்டச் சங்கத்தார் வகுத்த விதியின்படி, இயந்திரத் தொழிலாளி, கைவினைஞன், கூலியாள் ஆகியோர் அமெச்சூர்களாகக் கருதப்படமாட்டார். கையால் உழைப்பவன் பற்றினால் விளையாடவும் தகுதியற்றவன் என்பதே அதன் பொருள். அவ்விதி 1937இலேதான் நீக்கப்பட்டது. ஏட்டிலிருந்து அது மறைந்துவிட்டதாயினும், பந்தயத் திடலில் அதன் நிழல் இன்னும் விழுகிறது. கராஜில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன் செல்வன் ஒருவனின் வண்டிக்கு எண்ணெய் மாற்றுபவனாகவே திடலுக்குள் நுழைகிறான்; இருக்கையில் அமர அவனுக்கு இடமில்லை.

மூன்றாவதாக, வந்தவனையும் விரட்டிவிடும் அமைப்பு. எஞ்சின் கொள்ளளவு ஒன்றாக இருப்பதனாலேயே, பத்தாண்டு அனுபவமுள்ளவனையும் முதன்முறை வந்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுவதுண்டு. புதியவன் முதற் சுற்றிலேயே பின்தங்கி, மூன்றாம் சுற்றில் முந்தப்பட்டு, அச்சத்தோடும் அவமானத்தோடும் வெளியேறுகிறான். அவன் சென்றமுறையைவிட இரண்டு விநாடி விரைவாக ஓடியிருக்கலாம். அதை அவனுக்குச் சொல்வார் இல்லை. தன் வளர்ச்சியைத் தானே காண முடியாத எந்த வித்தையிலும் மனிதன் நெடுநாள் நிலைத்திருப்பதில்லை. மலையேற்றப் பந்தயத்தின் சிறப்பு இங்கேதான் உள்ளது. அதில் ஒவ்வொருவனும் தனியே கடிகாரத்தோடு போட்டியிடுகிறான்; நேற்றைய தன்னையே இன்று வெல்ல முயல்கிறான்.

இவ்வுண்மையை உலகம் முன்னரே உணர்ந்திருக்கிறது. மான் தீவில் 1907இல் தொடங்கிய டீ.டீ. பந்தயத்தில் தொழிற்சாலைகளின் ஓட்டுநர்கள் ஓங்கிவிட்டபோது, 1923இல் அமெச்சூர்களுக்கென்றே தனியான வீதிப் பந்தயம் ஒன்று அங்கு ஏற்படுத்தப்பட்டது. யார் உண்மையான அமெச்சூர் என்ற வழக்கு ஓயாமையால் 1930இல் அப்பெயரையே கைவிட்டு, மாங்ஸ் கிராண்ட் பிறீ என மாற்றினர். ஆனால் சாதாரண ஓட்டுநனுக்கென ஓர் இடம் வேண்டும் என்ற கொள்கை நிலைத்தது. தமிழகத்திலும், 1994 முதல் டி.வி.எஸ். நிறுவனம் நடத்திவரும் ஒரே வகை வண்டிப் பந்தயத்தில், எல்லோருக்கும் ஒரேமாதிரி வண்டி கிடைப்பதால் பணப்பையின் கனம் குறைந்து கைத்திறனின் கனம் கூடுகிறது. இவை கொள்ளத்தக்கவை. ஆயின் இரண்டிலும் எச்சரிக்கையும் உண்டு. மான் தீவின் அம்மலைச் சுற்றில் இதுவரை 250க்கு மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர். 2023 ஆகஸ்டில், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் திடலில், புதியவர்களுக்கான பந்தயமொன்றில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். சிறுவரின் ஊக்கத்தை மட்டும் வளர்த்து, அவர்களைக் காக்கும் கடமையில் தளர்ந்துவிடும் கழகம் கொலைக்களத்துக்கு ஆள்சேர்ப்பதாகவே முடியும்.

கரையில் நிற்பவனும் பாதுகாப்பாக இல்லை என்பதைத் தியத்தலாவை எமக்குக் காட்டிவிட்டது. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின்னர், 2024 ஏப்ரல் 21ஆம் திகதி பொக்ஸ் ஹில் பந்தயம் மீண்டும் நடைபெற்றது. பல்லாயிரம் மக்கள் திரண்டிருந்தனர். கார் ஒன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்தினுள் பாய்ந்ததில் பார்வையாளரும் போட்டிப் பணியாளருமாக 7 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. இதனை விதியென்று கூறி ஒதுக்கிவிட முடியாது. சிலர் ஓடப் பலர் பார்ப்பதே விளையாட்டு என்றாகிவிட்டால், கூட்டத்தின் பெருக்கமே வெற்றியின் அளவுகோலாகிறது. அக்கூட்டம் பாதையை எத்தனை அடி நெருங்கி நிற்கிறது என்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

பலரையும் பங்காளிகளாக்கும் வழியை நாம் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. எமது தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தை எண்ணிப் பாருங்கள். காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவது முதல் தகனம் வரை, அங்கே வெறும் பார்வையாளன் என்று ஒருவனைக் காண்பது அரிது. ஒருவன் தப்படிக்கிறான், ஒருவன் பாடுகிறான், ஒருவன் ஒப்பனை செய்கிறான், ஒருவன் வெளிச்சம் பிடிக்கிறான். இன்று வெளிச்சம் பிடிக்கும் சிறுவன் நாளை மதனாகவோ ரதியாகவோ வேடம் கட்டுவான். மதனாக ஆடி ஓய்ந்தவன் அடுத்தவனுக்கு அடவு சொல்லிக் கொடுப்பான். நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர்கள் கூலியின்றித் தலைமுறை தலைமுறையாக இதில் நிலைத்திருப்பதற்குப் பரிசுக் கிண்ணமா காரணம்? ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம் உண்டு, அவ்விடத்திலிருந்து மேலே செல்ல ஒரு படி உண்டு, படியேற்றிவிட ஒரு மூத்தவன் உண்டு. பந்தயக் கழகங்களுக்கு வேண்டிய பாடம் முழுவதும் இதிலே அடங்கியிருக்கிறது.

இப்பாடத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவது எப்படி? முதலாவதாக, வேகம் குறைந்த போட்டிகளிலிருந்து தொடங்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டு விழாக்களில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியைக் காணாதவர் எம்மில் யார்? காலூன்றாமல் கடைசியாக வருபவனே அதில் வெற்றியாளன். மேலைநாடுகளில் ‘ட்ரயல்’ எனப்படும் மோட்டார் சைக்கிள் போட்டியின் தத்துவமும் இதுவே. பாறையும் வேரும் சேறும் நிறைந்த சரிவில் காலூன்றாமல் ஏற வேண்டும். கால் ஒருமுறை ஊன்றினால் ஒரு புள்ளி தண்டனை, ஏற முடியாது நின்றுவிட்டால் ஐந்து. குறைந்த புள்ளி பெற்றவன் வெல்வான். நடையின் வேகத்தில் நடைபெறும் இப்போட்டிக்கு விலையுயர்ந்த திடல் வேண்டா. மலைச் சரிவுக்கு ஊவாவில் பஞ்சமில்லை.

இரண்டாவதாக, புதியவர்க்குத் தனிப் பிரிவும், அவரவர் நேரத்தை ஆண்டுதோறும் குறித்துவைக்கும் ஏடும் வேண்டும். முதல் மூவர்க்கு மட்டுமன்றி, தன் நேரத்தை மிகுதியாகக் குறைத்தவனுக்கும், எல்லாப் போட்டிக்கும் வந்தவனுக்கும் பாராட்டு வேண்டும். மூன்றாவதாக, தலைக்கவசமும் தோலுடையும் கழகத்தின் பொதுச் சொத்தாக இருந்து, இல்லாதவனுக்கு இரவல் கிடைக்க வேண்டும். நான்காவதாக, போட்டித் திகதிகள் ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட வேண்டும். அப்போதுதான் நாட்சம்பளக்காரன் முற்கூட்டியே திட்டமிட முடியும். ஐந்தாவதாக, ஓட முடியாதவன் கொடி காட்டுபவனாகவும், நேரம் கணிப்பவனாகவும், முதலுதவி செய்பவனாகவும் பயிற்றப்பட வேண்டும். காப்புறுதியும் வைத்திய வண்டியும் இல்லாத இடத்தில் எஞ்சின் இயக்கப்படவே கூடாது.

‘கூலிப் பிரச்சினையும் காணிப் பிரச்சினையும் தீராதிருக்கையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒரு கேடா?’ என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நேர்மையானது, ஆதலின் விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும். மோட்டார் சைக்கிள் இன்று செல்வரின் அணிகலனாக இல்லை. இந்நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 2000க்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் மடிந்திருக்கின்றனர். அவர்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் பெருந்தொகையினர். வேகத்தின் மீதான வேட்கையை இளைஞனின் நெஞ்சிலிருந்து எவராலும் பிடுங்கிவிட முடியாது. ஒழுங்கும் துணையும் உள்ள திடலை நாம் அவனுக்குத் தரவில்லையாயின், அவ்வேட்கை பசறை வளைவிலேதான் தீர்த்துக்கொள்ளப்படும். தவிரவும், உழைப்பவனுக்கு உணவு மட்டும் போதும், விளையாட்டு வேண்டாம் என்ற வாதம் தோட்டத் துரைக்கு உரியதேயன்றி எமக்கு உரியதன்று. கூலிக்காகப் போராடுபவன் தன் ஓய்வு நேரத்துக்காகவும் போராடுகிறான் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகவே, ‘ஊக்கம் குன்றிவிட்டது’ என்று ஒப்பாரி வைக்கும் கழகத்தார்க்கு நாம் கூறக்கூடியது இது: உங்கள் சென்ற ஆண்டுப் பெயர்ப்பட்டியலை எடுங்கள், இறுதி இடம் பெற்றவனின் பெயரைத் தேடுங்கள், அவன் ஏன் திரும்பி வரவில்லை என்று அவனிடமே சென்று கேளுங்கள். அவன் சொல்லும் மறுமொழியில் உங்கள் அடுத்த ஆண்டுத் திட்டம் முழுவதும் இருக்கும்.