இரைமீன் விட்டால் ட்ரவுட் பெருகுமா?

ஏரியில் விட்ட ட்ரவுட் சரியாக வளரவில்லையா? அது தின்னும் சின்ன மீனையும் கொண்டுவந்து விடு. இதற்கு 'இரைமீன் மீட்பு' என்று பெயர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'மீட்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

நம்ம ஊரில் ட்ரவுட் என்றால் நீலகிரி. 1860களில் பிரான்சிஸ் டே, மெக்ஐவர் போன்றவர்கள் முயன்றார்கள், நிலைக்கவில்லை. 1907 வாக்கில் எச்.சி. வில்சன் ரெயின்போ ட்ரவுட்டைக் கொண்டுவந்த பிறகுதான் அவலாஞ்சியில் அது பிடித்துக்கொண்டது. இன்று அங்கே இருக்கும் அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களோ குந்தா மின்திட்டத்துக்காகப் பிறகு கட்டியவை. மீனும் வந்தது, ஏரியும் வந்தது. அப்படியிருக்க, எந்த இரைமீனை 'மீட்பது'? இது சேர்ப்பு, மீட்பு அல்ல. இரண்டுக்கும் ரிஸ்க் வேறு.

இன்னொன்று: ட்ரவுட் முக்கியமாகத் தின்பது ஓடைப் பூச்சிகளையும் அவற்றின் புழுக்களையும். முட்டையிட அதற்குக் குளிர்ந்த, ஓடும், கூழாங்கல் தரை வேண்டும். ஓடையைக் கவனிக்காமல் ஏரியில் மட்டும் தீவனம் சேர்த்து என்ன பயன்?

சேர்ப்பு எப்படித் திரும்பி அடிக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள ஃபிளாட்ஹெட் ஏரி நல்ல பாடம். அங்கே கோகனி என்ற சால்மனுக்கு உணவாகட்டும் என்று மைசிஸ் என்ற சின்ன இறாலை மேல்பக்க ஏரிகளில் விட்டார்கள். 1981இல் அது ஃபிளாட்ஹெட்டுக்கு இறங்கிவிட்டது. பகலில் இறால் ஆழத்தில் போய் ஒளிந்துகொண்டதால் கோகனிக்குச் சிக்கவில்லை. இரவில் மேலே வந்து, கோகனி தின்னும் நுண்ணுயிரிகளையே தின்றது. அடியில் இருந்த லேக் ட்ரவுட் இறாலைத் தின்று பெருகி, கோகனியையும் தின்றது. 1985இல் மெக்டொனால்டு ஓடைக்கு முட்டையிட வந்த கோகனி ஒரு லட்சத்துக்கு மேல். 1989இல் சுமார் 50. அவற்றை நம்பி வந்த வெண்தலைக் கழுகுகளும் குறைந்துபோயின. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், டெஸ்ட் செய்யாமல் ப்ரொடக்ஷனில் போட்ட பேட்ச். ரோல்பேக் கிடையாது.

மலையை விட்டு நம்ம சமவெளிக்கு வருவோம். அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து ஏரிகளுக்கு 'மீட்பு' என்ற சொல் உண்மையிலேயே பொருந்தும். விரால் இங்கேயே பிறந்த வேட்டை மீன். அதன் இரையான கெண்டைக் குஞ்சும் அயிரையும் இங்கேயே இருந்தவை. 1952இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி அதற்கு மாற்று ஆகாது. விரால் அதன் குஞ்சைத் தின்னும், உண்மைதான். ஆனால் ஜிலேபி வாயில் வைத்துக் காக்கும் இனம். இடத்தையும் உணவையும் வேகமாகப் பிடித்துக்கொள்ளும்.

சின்ன மீன்களைத் திரும்பக் கொண்டுவர வண்டியில் குஞ்சு வரவேண்டும் என்பதில்லை. முதல் மழையில் புதுத்தண்ணி வரும்போது கெண்டை கால்வாய் ஏறி, கரையோரப் புல்லில் முட்டையிடும். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்குப் போகும் அந்தத் தொடர்ச்சி மீனுக்கும் வழி. கால்வாயை அடைத்து, கரை முழுக்கக் கல் பதித்துவிட்டு, எத்தனை ஆயிரம் குஞ்சு விட்டோம் என்று கணக்குக் காட்டுவதில் பெரிய அர்த்தம் இல்லை. விட்ட குஞ்சை எண்ணுவதைவிட, அடுத்த ஐப்பசியில் கால்வாயில் தானாக ஏறும் கெண்டையை எண்ணிப் பார்க்கலாம். அந்த எண்ணிக்கை பொய் சொல்லாது.