காணாமல் போனதும் ஆக்கப்பட்டதும்

இலங்கையின் வன்னிப் பகுதியில், கண்டி வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் இருக்கிறது கனகராயன்குளம். 1997 மே மாதம் ‘ஜெயசிக்குறு’ இராணுவ நடவடிக்கை தொடங்கிய பிறகும், மறுபடி 2008இலும், இந்த வீதியோரத்துச் சனம் வீடு வளவை விட்டு வெளிக்கிட்டது. அறிக்கைகளில் இரண்டுக்கும் ஒரே பெயர்: உள்ளக இடப்பெயர்வு. ஐ.நா.வின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டிக் கோட்பாடுகள் வரையறுத்த வகை அது. ஆனால் கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவது ஒன்று, செல்லடிக்குள் ஓடுவது வேறொன்று. கலைச்சொல் வகைகளை வைத்து வாக்குமூலங்களை வாசிக்கும் ஆய்வு முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

கலைச்சொல்லியலுக்கு அடித்தளமிட்ட ஆஸ்திரியப் பொறியியலாளர் ஒய்கன் வூஸ்டர், கருத்தின் பண்புக்கூறுகளை முதலில் பிரித்துவிட்டுப் பிறகு பெயரிடச் சொன்னார். 1967இல் சமூகவியலாளர்களான கிளேசரும் ஸ்ட்ராஸும் மறுமுனையைப் பிடித்தார்கள்: தரவிலிருந்தே வகை முளைக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வெளியிட்ட வன்னி ஆய்வில் இரண்டும் சந்திக்கின்றன. தனிமனிதருக்கென வகுத்த மனவடு என்ற வகையை, சனத்தின் கதைகளைக் கேட்டு, குடும்பத்துக்கும் ஊருக்கும் விரித்தார் அவர்.

ஆனால் வன்னியில் மிகவும் கனத்த சொல் ‘காணாமல்’. 2016இன் 14ஆம் இலக்கச் சட்டம் அமைத்தது காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். அந்தச் சட்டத்தில் போரில் தொலைந்தவர், களத்தில் காணாமற்போன படையினர், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர் எல்லாரும் ஒரே வரையறைக்குள் வருகிறார்கள். கலைச்சொல்லியல் மொழியில் இது பேரினக் கருத்து. பிள்ளைகளைத் தேடும் தாய்மார் கேட்பதோ அதன் ஒரு சிற்றினத்தை: வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர். ‘போன’ என்றால் செய்தவர் இல்லை. ‘ஆக்கப்பட்ட’ என்றதும் யார் ஆக்கியது என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய 2006இன் சர்வதேச சமவாயம் இந்தச் சிற்றினத்தின் பண்புக்கூறுகளைத் தெளிவாகவே தருகிறது: அரசின் ஆட்களோ அதன் இசைவோடு மற்றவர்களோ பிடித்தல், பிடித்ததை மறுத்தல் அல்லது கதியை மறைத்தல், சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்துதல். வாக்குமூலத்தின் ஒவ்வொரு வரியையும் இவற்றோடு ஒப்பிடலாம். இது வலுவான முறை என்றே நினைக்கிறேன். ‘காணாமல்’ என்று ஒரேயொரு குறியீடு போட்டால் பிடித்தவரும் மறுத்தவரும் அட்டவணையிலிருந்து மறைந்துபோவார்கள்.

‘வலிந்து’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். அன்றாடத் தமிழில் வலிந்து போவது தானாகவே முன்வந்து போவது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் அமர்ந்த தாய்மாரின் போராட்டத்திலோ அந்தச் சொல் பிறர் வலுவால் நிகழ்ந்ததைக் குறிக்கிறது.

இத்தனைக்கும் பிறகும் எந்த வரையறைக்குள்ளும் அடங்காத ஒரு வினை இருக்கிறது. 2009 மே மாதம் வட்டுவாகலில் படையினரிடம் பிள்ளைகளை ஒப்படைத்தவர்கள் சொல்வது: ‘குடுத்தனாங்கள்’. சமவாயம் பிடித்தவரின் செயலைத்தான் வரையறுக்கிறது. இந்த வினைக்கு எழுவாய் தாய். நம்பிக் கொடுத்த கையும், அதை நினைத்து இன்றும் பதறும் மனமும் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கின்றன. குறியீட்டுத் தாளில் அதை மொழிபெயர்க்காமல், சொன்னபடியே, தனி நிரலில் எழுத வேண்டும்.