எதிரியிடம் அச்சம், சக வீரனிடம் அச்சம்

கிர்பி டிக் இயக்கிய ‘தி இன்விசிபிள் வார்’ (2012) அமெரிக்க ராணுவத்துக்குள் நடக்கும் பாலியல் வன்முறை பற்றிய ஆவணப்படம். மேலதிகாரி தாக்கித் தாடை உடைந்த ஒரு பெண், சிகிச்சை உதவி கேட்டு முன்னாள் படைவீரர் துறைக்குத் தொலைபேசியில் பேசிப் பேசிச் சலிக்கிறார். படம் தன் கோபத்தைப் பெரும்பாலும் குற்றவாளிகள் தண்டனையின்றித் தப்புவதில் குவிக்கிறது. அது நியாயமே. ஆனால், அந்தத் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் விதிகளையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்கிறேன்.

ஊன ஈட்டுத்தொகை கோருபவர் பொதுவாக மூன்றை நிறுவ வேண்டும்: இப்போதைய நோய், பணிக்காலத்தில் நடந்த நிகழ்வு, இரண்டுக்கும் உள்ள தொடர்பு. 2010இல் ஒரு தளர்வு வந்தது. எதிரித் தாக்குதல் பற்றிய அச்சத்தால் பிடிஎஸ்டி என்னும் மனநோய்க்கு ஆளானவர் சொல்வது, அவர் பணியாற்றிய சூழலோடு பொருந்தி, துறையின் மனநல மருத்துவரும் உறுதிசெய்தால், நடந்ததற்கு வேறு சான்று வேண்டியதில்லை. சக வீரனால் வன்புணர்வுக்கு உள்ளானவருக்கு இந்தச் சலுகை இல்லை. அவருடைய சொல்லுக்குத் துணைச்சான்று தேவை.

பலரும் புகார் தருவதில்லை என்பதைத் துறையும் அறியும். அதனால் மாற்றுச் சான்றுகளை ஏற்கிறது: இடமாற்றம் கேட்டது, வேலைத்திறன் சரிந்தது, குடிப்பழக்கம், மனச்சோர்வு, கர்ப்பப் பரிசோதனை. இது இரக்கமாகத் தோன்றலாம். ஆனால் வேலைத்திறன் சரிந்தது என்று கோப்பில் எழுதும் கை யாருடையது? மேலதிகாரியுடையது. அன்று ஒழுங்கீனம் என்று எழுதப்பட்டதை இன்று காயத்தின் தடமாக வாசிக்கச் சொல்லி அவள் மன்றாட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை ஒழுங்காகச் செய்தவளுக்கோ அந்தத் தடமும் இல்லை. உடைந்துபோனதைக் காட்டினால்தான் நம்பிக்கை, தாங்கிக்கொண்டவள் பொய்யாகிறாள்.

இருக்கும் விதியும் ஒழுங்காகப் பின்பற்றப்படவில்லை. 2017 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நிராகரிக்கப்பட்ட இத்தகைய சுமார் 2,700 கோரிக்கைகளில் ஏறத்தாழ 1,300 முறையாகக் கையாளப்படவில்லை என்று துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகமே 2018இல் மதிப்பிட்டது.

பாதிக்கப்பட்டோரில் ஆண்களும் உண்டு. ஆனாலும் இந்த விதியின் உள்ளே இருப்பது பெண்கள் நன்கறிந்த பழைய சந்தேகம். எதிரியின் குண்டுக்கு அஞ்சியவரின் சொல் எடுபடும் இடத்தில், பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு அஞ்சியவளின் சொல்லும் எடுபட வேண்டும். படைமுகாமும் பணியிடம்தான், அங்கே நேர்ந்த காயமும் பணியில் நேர்ந்ததுதான்.